எண்பதுக்குக் கீழே

கருத்தரிப்பு மாத்திரைப் பெட்டி, கையை வைப்பவரின் நாடித்துடிப்பு எண்பதுக்குக் கீழே இருந்தால்தான் திறக்கும். பதற்றத்தோடு விழுங்கினால் மருந்து பலிக்காதாம். இந்த மாதத்தின் கடைசி மாத்திரையை அமுதினி காலை ஒன்பது மணிக்குள் எடுத்தாக வேண்டும். ஏழு முறை கையை வைத்துவிட்டாள், பாவம், தொண்ணூற்றெட்டிலேயே நின்றது. அந்த நேரம் பார்த்தா மாமியாரின் போன் வரவேண்டும்?

"என்னம்மா, இந்த மாசமும் தலைக்குக் குளிச்சிட்டியாமே?"

நூற்றிரண்டு ஆகிவிட்டது.

"இதுக்கெல்லாமா பயப்படுவாங்க? தள்ளு, நான் வைக்கிறேன். எனக்கெல்லாம் கல்லு நெஞ்சு" என்று சிரித்தபடி கணவன் செந்தூரன் கையை வைத்தான்.

பெட்டி நூற்று முப்பது காட்டியது.

"ஏங்க!" என்றாள்.

அவன் நிமிரவேயில்லை. மணி எட்டு ஐம்பது. அமுதினி பெட்டியை விட்டுவிட்டு அவன் முதுகைத் தடவத் தொடங்கினாள்.