யாரும் விழாத கிணறு

"எங்க ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தரும் விழல மேடம். யாரும் விழாத கெணத்துக்கு எதுக்கு சட்டம்?"

ஜெகநாதன் எழுந்து நின்று இப்படிக் கேட்டதும், திருத்தணியில் அந்தச் சின்னக் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்த விவசாயிகள் எல்லோரும் அவர் பக்கம் தலையாட்டினார்கள்.

அதிகாரி சௌமியாவுக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்விதான். சாலையோரப் பாழுங்கிணறுகளைச் சுற்றி நான்கடிச் சுவரும் மேலே இரும்பு வலையும் கட்டாயம், அதை நிலத்துக்காரரே கட்ட வேண்டும் என்று ஒரு விதி வரப்போகிறது. அது ஏன் தேவை, அதைவிடச் சுலபமான வழி ஏதாவது உண்டா என்று ஊர்க்காரர்களைக் கேட்டு அறிக்கை எழுத அவளை அனுப்பியிருந்தார்கள். பத்து வருடத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதுதான் அறிக்கையின் முதல் கேள்வி. காவல் நிலையப் பதிவேடுகளை அவள் ஏற்கெனவே புரட்டிப் பார்த்துவிட்டாள். ஒருவர்கூட இல்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"ஐயா சொல்றது சரிதான். பதிவுல யாருமே இல்ல. ஆனா ஒருத்தர் விழுந்தப்புறம் சுவர் கட்டி என்ன பிரயோஜனம்?"

எச்சரிக்கைப் பலகை வைத்தால் போதாதா என்றார் ஒருவர். வளைவில் விளக்கே இல்லை, பலகையை யார் பார்ப்பார்கள் என்று பக்கத்திலிருந்தவரே அதை மறுத்தார். வெளிச்சம் பட்டால் மின்னும் கம்பங்களை நடலாம் என்றாள் சௌமியா. கரும்பு ஏற்றி வரும் டிராக்டர் ஒரே வாரத்தில் இடித்துச் சாய்த்துவிடும் என்றார்கள். சுவரை அரசாங்கமே கட்டித் தரட்டும் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதையும் அவள் எழுதிக்கொண்டாள்.

ஜெகநாதன் மறுபடியும் எழுந்தார். திருவாலங்காட்டுப் பக்கம் அவருக்குக் கரும்பு நிலம். சாலை வளைவை ஒட்டி ஒரு பழைய கிணறு. ஆழ்துளைக் குழாய் போட்ட பிறகு அதை அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. கைப்பிடிச் சுவர் எப்போதோ சரிந்து, சுற்றிலும் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது.

"நானும் என் சம்சாரமும்தான் பயிர் பாத்துகினு இருக்கோம். பையன் ஊர்ல இல்ல. சுவரு, வலைன்னு எங்களால அலைய முடியாது. மண்ணக் கொட்டி ஒரேயடியா மூடிடுங்களேன்."

சௌமியாவுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. ஆனால் கிணற்றை மூடினால் மழைத் தண்ணீர் பூமிக்குள் இறங்குவது நின்றுவிடும் என்று மேலே கேட்பார்கள். ஆழம் எவ்வளவு, சேறு எவ்வளவு என்று ஒரு கிணற்றையாவது இறைத்துப் பார்த்தால்தான் எந்த வழி மேல் என்று எழுத முடியும். யாருடைய கிணற்றை இறைக்கலாம் என்று கேட்டாள்.

"என் கெணத்தையே எறைச்சிப் பாருங்க மேடம்" என்றார் ஜெகநாதன்.

அடுத்த வாரம் தண்ணீர் இறைக்கும் இன்ஜின்காரர் தணிகைமணி ஆட்களோடு வந்து இறங்கினார். முள்ளை வெட்டவே ஒரு காலை போனது. பாசி படர்ந்த தண்ணீரை இரண்டு நாள் விடாமல் இறைத்தார்கள். மூன்றாம் நாள் காலை சௌமியா அளவு நாடாவோடு வந்தபோது அடியில் முழங்கால் அளவு சேறுதான் மிச்சம். ஜெகநாதன் உற்சாகமாக இருந்தார். வேலையாட்களுக்கு மோர் கொண்டுவரச் சொல்லி வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

உள்ளே இறங்கியவன், சேற்றில் இரும்பு ஏதோ காலில் இடிக்கிறது என்று கத்தினான். சங்கிலி போட்டு இழுத்தார்கள். துருப்பிடித்த ஒரு மோட்டார் சைக்கிள் சேறு வழிய மேலே வந்தது. கூட வந்தவர்கள் திருட்டு வண்டியாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் இறங்கியவன் ஏறி வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டான். வண்டிக்கு அடியில் என்ன இருந்தது என்று தணிகைமணியின் காதில் மட்டும் சொன்னான். தணிகைமணி சௌமியாவிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "எலும்பு இருக்குது மேடம். மனுசனுதுதான்."

சௌமியா உடனே காவல் நிலையத்துக்குப் பேசினாள். வண்டி நம்பர் கேட்டார்கள். தணிகைமணி நம்பர் பலகையைத் துணியால் துடைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். பத்து வருடத்தில் அந்தப் பக்கம் காணாமல் போனவர் என்று ஒரு புகாரும் இல்லையே என்றார்கள் மறுமுனையில்.

"வண்டி யாருதுன்னு விசாரிக்கச் சொல்லிருக்காங்க" என்று போனை வைத்தாள்.

"விசாரிக்க வேணாம் மேடம்."

ஜெகநாதன் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். சேறு படிந்த சீட்டின் மேல் கையை வைத்திருந்தார்.

"எம் பேர்ல வாங்கினது. ஓட்டினது எம் பையன் ராஜேசு. ஏழு வருசத்துக்கு மின்னாடி எங்கூட சண்ட போட்டுகினு, இனிமே இந்த வூட்டுப் படியே மிதிக்க மாட்டேன்னு கெளம்பினான். போன் எடுக்கல. பெங்களூர்ல எங்கியோ நல்லா இருக்கான், நம்மள வேணாம்னு வுட்டுட்டான்னு ஊரே சொல்லிச்சு."

வரப்பில் அவர் மனைவி ஜெயம்மாள் மோர்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்தார்.

"தேடிப் போலாம்னு அவ எத்தினியோ வாட்டி கெஞ்சினா மேடம். போலீசுலயாவது சொல்லுன்னு கால்ல வுழுந்தா. வேணாம்னு போனவனுக்கு எதுக்குடி புகார்னு நான்தான் குடுக்கல."