நூற்றுப் பதினெட்டு கிலோ

"ஓட்டறவர் எங்கேம்மா?"

"அவர் வரலைங்க. நான் அவர் வீட்டுக்காரி. என்ன செய்யணும்னு சொல்லுங்க."

மெக்கானிக் அந்த மலை சைக்கிளின் முன் ஃபோர்க்கை ஓர் அமுக்கு அமுக்கினான். அடிவரை போய் டொக்கென்று முட்டியது.

"எத்தனை கிலோ இருப்பார்?"

"நூத்திப் பதினெட்டு."

"எத்தனை கிலோ ஆளுக்கு எவ்வளவு காத்துன்னு இதுல ஒட்டியிருக்கிற அட்டவணையே நூறோட முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேலன்னா ஆளை உட்கார வச்சுப் பார்த்துத்தான் ஃபோர்க்குக்குள்ள காத்து ஏத்தணும். அவர் ஏறினா ஃபோர்க் நாலுல ஒரு பங்கு அமுங்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆளே இல்லாம அளவெடுக்க இதென்ன ஜன்னல் திரையா?"

"அவர் வரமாட்டாருங்க."

மகாராஜாவுக்குச் சைக்கிள் மட்டும் வேண்டும், கடைக்கு வரக் கால் நோகும் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான். பெண்டாட்டியை ஏவிவிட்டு வீட்டில் காலை நீட்டிக்கொண்டிருப்பான்.

"அப்ப சைக்கிளை எடுத்துட்டுப் போங்க. குத்துமதிப்பா செஞ்சு, அவர் பள்ளத்துல இறங்கறப்போ குப்புற விழுந்தா பழி எனக்கு."

அவள் சிறிது யோசித்தாள். வாசலில் நின்றிருந்த பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"இவ என் நாத்தனார். அறுபத்தாறு கிலோ. நான் அம்பத்திரண்டு. கூட்டிப் பாருங்க."

மெக்கானிக் கூட்டிப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பம்ப்பால் ஃபோர்க்குக்குள் காற்றேற்றி, சைக்கிளைச் சுவரோரம் சாய்த்தான். நாத்தனார் சீட்டில் உட்கார்ந்தாள். அண்ணி முன்னால் பெடல்மேல் ஏறி நின்று கைப்பிடியைப் பிடித்தாள்.

"நாத்தனாரும் அண்ணியும் இவ்வளவு ஒத்துமையா ஒரே வண்டியில ஏறி நான் பார்த்ததில்லை" என்றான் மெக்கானிக்.

"எங்களுக்கும் இதான் முதல் தடவை" என்றாள் நாத்தனார்.

முதல் தடவை ஃபோர்க் பாதிக்கு மேல் அமுங்கியது. இறங்கச் சொன்னான். காற்றை முழுக்க வெளியே விட்டு, ஃபோர்க்கின் மூடியைக் கழற்றி, அடிவரை முட்டாமலிருக்க உள்ளே இரண்டு பிளாஸ்டிக் கட்டைகளைப் போட்டான். மறுபடி காற்று. ஏறினார்கள், இறங்கினார்கள். ஐந்தாவது தடவை, அமுங்கிய அளவைக் காட்ட ஃபோர்க் தண்டில் மாட்டியிருந்த ரப்பர் வளையம் சரியாக நாலில் ஒரு பங்கில் வந்து நின்றது.

வேலை கைகூடியதும் அவன் மனமும் இளகியது.

"அவர் வந்திருந்தா இன்னும் சீக்கிரமா முடிஞ்சிருக்கும். ஏம்மா வரலை? உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. ரெண்டு மாசம் முன்னால ஒரு கடைக்குப் போய், ஃபோர்க் முட்டுதுன்னு கேட்டாராம். எடையைச் சொல்லிக் கேலி பண்ணிட்டாங்களாம். நாலு பேர் சிரிச்சிருக்காங்க. அன்னைக்கு நிறுத்தின சைக்கிளை அப்புறம் தொடவே இல்லை."

மெக்கானிக்குக் கோபம் வந்தது. "வேலை தெரியாதவன்தாம்மா வாயை வச்சுப் பொழைப்பான். உடம்பைக் குறைக்கத்தானே மனுஷன் சைக்கிளே ஓட்டறார்? எந்தக் கடை அது?"

நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

"இந்தக் கடைதாங்க" என்றாள் மனைவி, குரலை உயர்த்தாமல். "'எதிர்ல லாரிப் பட்டறை இருக்கு, அங்கே போய்க் கேளுங்க'ன்னு சொன்னீங்களாம்."

பம்ப் அவன் கையிலேயே நின்றது. அந்த வார்த்தை அவனுடையதுதான். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பானோ, ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

"அப்புறம் ஏம்மா... இங்கேயே கொண்டுவந்தீங்க?"

"நான் வேற கடைக்குத்தாங்க கிளம்பினேன். 'மூணு வருஷம் முன்னால பிரேக் சரிபண்ணிக் கொடுத்தான், இன்னைக்கு வரைக்கும் அதுல கை வைக்கலை. வாய் அப்படித்தான் இருக்கும், வேலை சுத்தமா இருக்கும், அவன்கிட்டேயே கொண்டு போ'ன்னு அவர்தான் சொல்லி அனுப்பினார்."