ராஜமாதாவின் ஆசி

வெளிநாட்டில் அந்தப் பழைய அரண்மனையை நான்கு மணி வரைதான் படப்பிடிப்புக்குக் கொடுத்திருந்தார்கள். சரித்திரத் தொடருக்குப் புதிதாகச் சேர்ந்த உதவி இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நகத்தைக் கடித்தாள்.

போருக்குப் புறப்படும் ராஜா, ராஜமாதாவின் காலில் விழ வேண்டும். "வெற்றியோடு திரும்பி வா, மகனே" என்று அவர் வாழ்த்த வேண்டும். ஒரு பக்க வசனத்தை ஒரே மூச்சில் பேசுகிற ராஜமாதா, இந்த நாலு வார்த்தையை ஏழு தடவை கோட்டை விட்டார்.

"கல் தரைம்மா, முட்டி கழண்டுடும் போலிருக்கு," என்றார் ராஜா.

"மறந்துபோச்சுப்பா. மறதி எல்லாருக்கும் வர்றதுதானே?"

எட்டாவது தடவை விழுந்த ராஜா, குனிந்தபடியே என்னவோ முணுமுணுத்தார். வசனம் கணீரென்று வந்தது. மணி மூன்று ஐம்பத்தெட்டு.

"மேடம், அவர் அப்படி என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் உதவி இயக்குநர்.

ராஜமாதா நரைமுடி விக்கைக் கழற்றினார். உள்ளே கருகருவென்று பின்னல்.

"கல்யாண நாள் வாழ்த்து சொன்னாரு. எட்டு வருஷத்துல ஒரு தடவைகூட ஐயாவுக்கு ஞாபகம் வந்ததில்ல. வருஷத்துக்கு ஒண்ணுன்னு விழுந்துட்டாரு, சரியாப் போச்சு," என்றார், கணவரின் முட்டியைத் தேய்த்துவிட்டபடியே.