தொம்

அடுக்களைக் கூரைமேல் சாய்ந்து நின்ற கிழட்டுப் பலாமரத்தின் அடியை, ஆபத்தான மரங்களைப் பரிசோதிக்க வந்த ஞானமுத்து சுத்தியலால் தட்டினார். ‘தொம்’ என்றது.

“உள்ள ஒண்ணுமில்லாம பொள்ளலாயிருக்கும்மா. அடுத்த காத்துக்குச் சாஞ்சிரும். வெட்டித்தான் ஆகணும்.”

வீட்டுக்காரி தங்கபுஷ்பம் சிரித்தாள். “பலாவுல தொம்முனு கேட்டா பழுத்திருக்குன்னுல்லா அர்த்தம் சார்!”

“அது பழத்துக்கு. மரம் விழுந்தா அடுக்களைல நிக்கிற உங்க தலையிலதான் விழும்.”

“அப்போ அடுக்களைதான இடைஞ்சல்? அத எடுத்துருவோம்.”

விளையாட்டென்று நினைத்தார். அதற்குள் அவள் ஏணியைச் சாத்திக் கூரைமேல் ஏறிவிட்டாள். கீழே நின்ற ஞானமுத்துவின் வியர்த்த முகத்துக்குப் பலாநிழல் இதமாக இருந்தது. அவர் படிவத்தை எடுத்து, ‘அகற்ற வேண்டியது’ என்ற இடத்தில் ‘அடுக்களை’ என்று எழுதினார்.

“சார், இத பிடிங்க,” என்று மேலிருந்து முதல் ஓடு நீண்டது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.