சிறந்த ஒப்பனை

கிரேக்கத் தெய்வங்கள் கூத்தடிக்கும் சிரிப்புப் படத்தில், உலைத்தீயில் வெந்த முகத்தோடு வரும் கொல்லன் தெய்வமாக நடித்தவன் அவன். "டிவியையே பாரு கண்ணு, அப்பா தெரிவேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு விருது விழாவுக்கு வந்திருந்தான்.

வாசலில் காவலாளி மறித்தார். "இன்னும் வேஷத்தைக் கலைக்கலையா? உள்ள குழந்தைங்க இருக்குப்பா. மூஞ்சியைக் கழுவிட்டு வா."

"ஒப்பனைக்காரரைக் கூப்பிடுங்கண்ணே. அவரே சொல்வாரு."

அதற்குள் உள்ளே ஒலிபெருக்கி முழங்கியது: "சிறந்த ஒப்பனைக்கான விருது, கொல்லன் தெய்வத்தின் முகத்துக்கு!" கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

சற்று நேரத்தில் கையில் கேடயத்துடன் ஓடிவந்த ஒப்பனைக்காரர், அவனை ஓரமாக இழுத்தார்.

"உனக்குக் கோடி புண்ணியமாப் போகும், வீட்டுக்குப் போயிடு தம்பி. நான் பவுடர்கூடப் பூசலை, அது உன் சொந்த மூஞ்சின்னு தெரிஞ்சா, இதைப் பிடுங்கிடுவாங்க!"