வெர்லினின் கழுகு

நெருப்பை அடக்கியவனே இந்த மண்ணில் நிமிர்ந்து நடக்கத் தகுதியுள்ளவன் என்றான் வெர்லின்.

அவன் அடக்க வேண்டியிருந்த நெருப்பு அவனுடைய டீசல் பிக்கப்பின் எஞ்சினில் இருந்தது. வெப்பம் காட்டும் முள் அப்போது சிவப்புக்கு ஒரு நூல் கீழே நின்றது.

வயோமிங்கின் பிக்ஹார்ன் மலையில் ஏறிக்கொண்டிருந்தோம். ஜூலை வெயில். பின்னால் இழுவையில் கேம்பர் டிரெய்லர், சக்கரம் வைத்த ஒரு குட்டி வீடு. ஓட்டுவது வெர்லின், பக்கத்தில் அவன் மனைவியும் என் தங்கையுமான கார்லா, பின்சீட்டில் ஐஸ் பெட்டியும் நானும்.

கிளம்பும்போதே கார்லா சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை ரோட்டோரமா நின்னு ஆவி விட்டுச்சுன்னா, இந்த வண்டி டெல்பர்ட்டுக்கு. நின்ன இடத்துலயே போன் போடுவேன்."

எங்கள் ஊர்க்காரன் டெல்பர்ட் வசந்த காலத்திலிருந்தே அந்த வண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வண்டி போனால் வெர்லினுக்கு மிஞ்சுவது கார்லாவின் வெளிர்நீலக் குட்டிக் கார். அதில் ஏறிச் சனிக்கிழமை காலை உணவகத்துக்கு வருவதைவிட அவன் பட்டினி கிடப்பான்.

ஏனென்றால் அந்த உணவகம்தான் அவன் தர்பார். இந்த வருடம் அங்கே உட்கார்ந்துதான் எங்களுக்குக் குளிர்விக்கும் கலையைக் கற்றுத் தந்தான். முதலில் பைபிள் தடிமனில் ஓர் அலுமினிய ரேடியேட்டர் வாங்கினான். அடுத்து பெரிய வாட்டர் பம்ப். பிறகு இரண்டு மின்விசிறிகள், சீக்கிரமே திறந்துகொள்ளும் தெர்மோஸ்டாட். கடைசியாகச் சர்பத் நிறத்தில் ஒரு கூலன்ட்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சொற்பொழிவு உண்டு. மேசைமேல் இருக்கும் சிரப் பாட்டில் ரேடியேட்டராகும், பான்கேக் எஞ்சினாகும். அடுத்த பயணத்தில் வண்டி ரோட்டோரம் நிற்கும்.

"எல்லாமே காத்துதான் மச்சான். காத்துக்கு வழி விட்டுட்டாப் போதும், மத்ததெல்லாம் சும்மா."

காற்றுக்கு வழி விடுவதற்காக ஏசியையே பிடுங்கி எறிந்திருந்தான்.

போதாததற்கு, எஞ்சின் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ள ஹீட்டரை முழு வேகத்தில் வைத்திருந்தான். கார்லாவின் கைப்பையில் லிப்ஸ்டிக் குழைந்துவிட்டது. நான் ஐஸ் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊரில், கேட்காமல் அடுத்தவன் வண்டியைப் பற்றி வாய் திறப்பது அவன் பெண்டாட்டியைப் பற்றி வாய் திறப்பது மாதிரி. வெர்லின் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சொல்லி முடிக்கவே அவனுக்கு நேரம் போதவில்லை. அதனால் உணவகத்தில் நாங்கள் எல்லோரும் காபியைக் கலக்கிக்கொண்டே அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். டெல்பர்ட் மட்டும் அவ்வப்போது கழுகைப் புகழ்வான்.

கழுகைச் சொல்லவில்லையே. வண்டியின் முகம் முழுக்கச் சிறகு விரித்த ஒரு கழுகு. ஊரிலேயே பெரிதாக இருக்கவேண்டும் என்று போன நவம்பரில் சொல்லிவைத்துச் செய்தது. அந்த அலகு தெரியாத போட்டோ வெர்லினிடம் ஒன்றுகூடக் கிடையாது.

பாதி மலையில் முள் சிவப்பைத் தொட்டது. பிறகு புஸ்ஸென்று ஒரு சத்தம்.

சரளைக் கல்லில் ஒதுங்கி நின்று பானெட்டைத் தூக்கினோம். தேன்பெட்டிகள் ஏற்றிய ஒரு கிழட்டு லாரி இருமிக்கொண்டே எங்களைக் கடந்து மேலே போனது. அதன் டிரைவர், சாவு வீட்டைக் கடப்பவன் போலத் தொப்பியைக் கழற்றினான்.

கார்லா போனை எடுத்தாள்.

"டெல்பர்ட்? ஆமா, நின்னுடுச்சு. திங்கக்கிழமை வந்து எடுத்துக்கோ... என்னது, கழுகு வேணாமா? சரி, அது எங்கிட்டயே இருக்கட்டும்."

வெர்லின் காதில் வாங்காதவன் போல கேம்பரிலிருந்து தண்ணீர் எடுத்துவரப் போனான். புது பம்ப் இன்னும் செட் ஆகவில்லை என்று மலைக்கு விளக்கிக்கொண்டே போனான்.

திரும்பி வந்தபோது கார்லா தரையில் கால் நீட்டி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள்.

"அடியே! கழுகு மேலயா உக்காந்திருக்க? எந்திரி மொதல்ல!"

"கல்லு குத்துது வெர்லின்."

அவள் எழுந்திருக்கவில்லை. அவன் தலையிலடித்துக்கொண்டு, எஞ்சின் ஆறும்வரை நின்று, தண்ணீர் ஊற்றிக் கிளப்பினான்.

அதற்கு மேல்தான் ஏற்றம் இன்னும் செங்குத்து. முள் ஏறவில்லை. நடுவுக்கு இறங்கி அங்கேயே படுத்துக்கொண்டது. முள் இறங்க இறங்க வெர்லினின் குரல் ஏறியது.

"பாத்தியா மச்சான்? ஃபேன் ரெண்டும் இப்பத்தான் பழகியிருக்கு. இதெல்லாம் பொறுமை இருக்கிறவனுக்குத்தான் புரியும். கார்லா, டெல்பர்ட்டுக்குப் போனப் போட்டு வேணாம்னு சொல்லிடு."

"திங்கக்கிழமை," என்றாள் கார்லா.

அவன் அதையும் கேட்கவில்லை. காற்றுக்கு வழி விடுவதைப் பற்றி மலையுச்சி வரைக்கும் பேசினான்.

உச்சியில் பாறைகளுக்கு இடையில் பழைய பனி கிடந்தது. வெர்லின் பெருமையோடு ஹீட்டரை அணைத்தான். கார்லாவுக்குக் குளிரெடுத்தது. மடியில் மடித்து வைத்திருந்த கழுகை விரித்து முழங்காலில் போர்த்திக்கொண்டாள்.

அது துணி. குளிர்காலத்தில் பனிக்காற்று ரேடியேட்டருக்குள் போகாதபடி, வண்டியின் முகத்தில் பித்தான் போட்டு மாட்டுகிற மூடி. எங்கள் ஊரில் எல்லோரும் அதை ஏப்ரலில் கழற்றிவிடுவோம்.