ஒரு வாசலுக்கு ஏழு சொல்

வண்டி ஒரு வாசலைக் கடக்கும் நேரத்தில் ஏழு சொற்கள் காதில் விழுகின்றன.

எட்டாவது சொல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது.

காலையில் மழைக்கு நடுவே அவள் அதை அளந்தாள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவைத் தெருவில் ஓடவிட்டு, வாசல் வாசலாக நின்று கேட்டாள்.

தாலுகா அலுவலகத்தில் அறிவிப்பு எழுதுவது அவள் வேலை. அணையில் உபரி நீர் திறக்கப்போகிறார்கள். இருட்டுவதற்குள் ஆற்றங்கரைத் தெருக்கள் மூன்றும் காலியாக வேண்டும்.

மேலிருந்து வந்த அறிவிப்பு ஒரே வாக்கியம். தெருமுனையில் தொடங்கினால் தெருக்கோடியில்தான் முடியும். முதல் வீட்டில் மாவட்ட நிர்வாகம். அடுத்த வீட்டில் பருவமழை. அதற்கடுத்த வீட்டில் கன அடி.

போன வருடமும் இதே வாக்கியம்தான். முதல் வீட்டுக்காரர்கள் மாவட்ட நிர்வாகம் என்பதோடு கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் இரண்டு பேரை வெள்ளம் வடிந்த பிறகு தேடி எடுத்தார்கள்.

அவள் வாக்கியத்தை வெட்டினாள்.

‘ஆறு பெருகி வருகிறது. மேட்டு மண்டபத்துக்கு உடனே போங்கள்.’

தாசில்தார் இரண்டு முறை படித்தார்.

“கலெக்டரையே தூக்கிட்டீங்களேம்மா. அடுத்து நானா?”

கையெழுத்துப் போட்டார்.

முதல் தெருவில் வண்டி போகப் போகக் கதவுகள் திறந்தன. சாமான் மூட்டைகள். ஆடுகள். தார்ப்பாயில் சுற்றிய டிவி.

இரண்டாம் தெருவும் அப்படியே.

மூன்றாம் தெரு வாய்க்காலைத் தாண்டி, ஊரை விட்டுத் தள்ளி இருந்தது. அங்கும் எல்லோரும் வெளியே வந்தார்கள். மதகுப் பாலத்தைக் கடந்து சாலைக்கு ஏறினார்கள்.

ஏறியவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். மழையில்.

மண்டபத்து விளக்குகள் அங்கிருந்தே தெரிந்தன.

“ஏன் மேடம் நின்னுட்டாங்க?” டிரைவர் லூர்துராஜ் வண்டியை ஓரங்கட்டினார்.

அவள் இறங்கிப் போய், அதே ஏழு சொற்களை வாயால் சொன்னாள்.

குழந்தையை முந்தானைக்குள் வைத்திருந்த பவுனு சிரித்தாள்.

“காது நல்லாத்தாம்மா கேக்குது. மண்டபத்துக்குப் போங்கன்னீங்க. யாருன்னு சொல்லலியே.”

“எல்லாரும்தான்.”

“அதை மைக்குல சொல்லணும்மா. எந்தத் தெருக்காரங்களும் தங்கலாம், தடுத்தா நடவடிக்கைன்னு போன வருசம் சொன்னாங்க. கடைசில வரும். எங்க தெருவுல வண்டி திரும்புறதுக்கு நிக்கும்ல, அப்பத்தான் வரும். அதைச் சொல்லித்தானே உள்ள போனோம். அதுக்கு முந்தின வெள்ளத்துக்கெல்லாம் இந்த ரோடுதான்.”

அவளுக்கு நினைவிருந்தது.

யார் காதிலும் விழாத வால் என்று, முதலில் வெட்டியது அதைத்தான்.

மதகின் அடிப்பலகையை வாய்க்கால் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. இந்தச் சாலையும் தாழ்வானதுதான்.

“மண்டபத்துக்கு விடுங்க.”

“இவங்க?”

“பின்னாடியே நடந்து வரட்டும். மெதுவா ஓட்டுங்க.”

பவுனுதான் முதலில் எழுந்தாள். பிறகு மற்றவர்கள்.

மண்டப வாசலில் ஐந்தாறு குடைகள். முதல் தெருக்காரர்கள். யாரும் யாரையும் பிடித்துத் தடுக்கவில்லை. வெறுமனே நின்றார்கள். வாசல் அடைபட்டிருந்தது.

ஒருவர் வண்டியைப் பார்த்துச் சொன்னார். “உள்ள எடமில்லம்மா. ரொம்பிடுச்சு.”

அவர் தோளுக்குப் பின்னால் பாய் விரிக்காத தரை தெரிந்தது.

நடந்து வந்தவர்கள் ஆட்டோவுக்குப் பின்னால் நின்றார்கள். இதற்கு மேல் வண்டி போகாது.

அவள் ஒலிபெருக்கியை வாசல் பக்கம் திருப்பச் சொன்னாள். இன்ஜினை நிறுத்தச் சொன்னாள்.

மைக்கை வாங்கினாள்.

மாவட்ட நிர்வாகத்தில் தொடங்கினாள். பருவமழையைச் சொன்னாள், கன அடியைச் சொன்னாள், மூன்று தெருக்களின் பெயரையும் சொன்னாள், அவற்றில் வசிக்கும் பெரியவர்கள் பெண்கள் குழந்தைகள் கர்ப்பிணிகள் நோயாளிகள் என்று சேர்த்துக்கொண்டே போனாள், அவர்களின் ஆடு மாடுகளையும் சேர்த்தாள். எந்த இடத்திலும் நிறுத்தவில்லை.

நிறுத்தினால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

குடைகளில் ஒன்று சற்று விலகியது.

பவுனு முதல் படியில் கால் வைத்தாள்.

வாக்கியம் இன்னும் முடியவில்லை.